ஒரு தலை அதிகம்

விமானத்தில் தலை எண்ணியபோதே கண்டக்டருக்கு ஒன்று அதிகமாக வந்தது.

முப்பத்திரண்டு வருஷம் பேருந்தில் தலை எண்ணிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும், கல்யாண வீடோ இழவு வீடோ, எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். வீட்டில் ஒரு தலை குறைந்தால் தெருமுனை வரை கேட்கும்படி சத்தம் போடுவார். மனைவி, மகன், மருமகள், பேத்தி: நான்கு. கண்டக்டர் தன்னை எண்ணுவதில்லை. அது தொழில் வழக்கம். மகன் அவருக்கு மட்டும் நான்கு வரிசை பின்னால் இடம் போட்டிருந்ததால் எல்லாத் தலைகளும் பின்பக்கமாக நன்றாகவே தெரிந்தன. ஐந்து. ஐந்தாவது வழுக்கை, பிடரிக்கு மேலே ஒரு பள்ளம். எங்கேயோ பார்த்த பள்ளம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். நான்கு.

உயரத்துக்கு வந்தால் கணக்கும் கொஞ்சம் மிதக்கும் போல என்று விட்டுவிட்டார்.

பெட்டி கட்டும்போது மகன் ஒரு வேடிக்கை சொல்லியிருந்தான். “போற எடத்துல சத்தம் போடாத அப்பா யாராச்சும் கெடைச்சா மாத்திக் கூட்டிட்டு வந்துடலாம்மா.” எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் கண்டக்டர்தான்.

விமானம் இறங்கியதும் அவர்கள் ஏறிய உல்லாசக் கப்பல், ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்தாற்போல் இருந்தது. அவருக்குத் தனி அறை. ஜன்னல் கிடையாது.

“எனக்கு மட்டும் ஏன்டா தனியா?”

“உங்க கொறட்டைக்குக் கப்பலே கரைக்குத் திரும்பிடும்ப்பா.”

மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டுப் படுத்தவர் விளக்கை அணைத்தார். பகலென்றும் இரவென்றும் இல்லாத அந்த இருட்டில், தரைக்குக் கீழே எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுவதும், குழாய்களில் தண்ணீர் ஓடி ஓடி நிற்பதும், ஈரக் கம்பளத்தின் உப்பு வாடையோடு அவர் தினமும் தடவும் தலையெண்ணெயின் வாசனை சுவர் வழியாக வருவதும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் புலப்பட்டன. எண்ணெய்ப் புட்டியை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். பிறகு, மற்ற நால்வரும் தங்கியிருந்த பக்கத்து அறையில் ஒரு குரல். டிக்கெட் வாங்காமல் ஆட்டுக்குட்டியை மடியில் மறைத்துக்கொண்டு வந்த ஆளின் கதை. அவர் கதை. அதே இருமல். அதே இடத்தில் நிறுத்தம். வீட்டில் ஒருத்தரும் அதற்குச் சிரித்ததில்லை.

சிரித்தார்கள். மனைவி இருமும் அளவுக்குச் சிரித்தாள்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே நான்கு பேர். ஐந்து தேநீர்க் கோப்பைகள்.

“இப்பதானே போனீங்க தாத்தா?” என்ற பேத்தி, அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஓ, நீங்களா? அந்தத் தாத்தா கத்தவே மாட்டாரு.”

“பாப்பா, சும்மா இரு” என்றான் மகன்.

அவன் திடுக்கிடவில்லை. மருமகள் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

“என்ன நடக்குது இங்க?” என்று மனைவியைக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. நீங்க போய்ப் படுங்க.” நாற்பது வருஷத்தில் அவள் அவ்வளவு இதமாகப் பேசியதே இல்லை.

இறங்கும் நாள் காலை அவரை யாரும் எழுப்பவில்லை. அவர்கள் அறையில் விரிப்பு மாற்றியாகிவிட்டது. இறங்கும் வாசலில் அவர் தன் பயண அட்டையை வைத்ததும் இயந்திரம் சிவப்பு காட்டியது. காவலாளி திரையைப் பார்த்தான்.

“நீங்க எறங்கி இருபது நிமிஷம் ஆச்சுங்களே.”

“நான் இங்கதானேப்பா நிக்கிறேன்!”

“கத்தாதீங்க பெரியவரே. கணக்கு சரியா இருக்கு.”

மேல்தளத்துக்கு ஓடினார். கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது. கீழே துறையில் ஒரு பேருந்து. படியருகே அவருடைய கட்டம்போட்ட சட்டை. மேலிருந்து பார்க்க வழுக்கை பளிச்சென்று தெரிந்தது. பள்ளமும். சலூனில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போது மட்டும் அவர் பார்த்திருந்த, தன் பள்ளம்.

அது தலை எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

தன்னை எண்ணவில்லை.

“ஏம்மா!” என்று கத்தினார். மனைவி நிமிர்ந்தாள். பார்த்தாள். நேராக, அவரையே. பிறகு பக்கத்தில் நின்றதன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

விசில் கேட்டது. அவர் விசில். சட்டைப்பையைத் தடவினார். இல்லை.

பேருந்து போய்விட்டது.

பின்னால் மூச்சுச் சத்தம். நிறைய. திரும்பினார். நிழலில் சாய்வு நாற்காலிகள், இருவர் இருவராக, பேருந்து வரிசையில். கிழவர்கள். கிழவிகள். எல்லாரும் கரையையே பார்த்தபடி. கை தானாக உயர்ந்தது. எண்ணினார்.

ஐம்பத்து நான்கு.

நாற்காலிகள் ஐம்பத்தைந்து. காலியாக இருந்தது ஒன்று, ஐந்து பேர் உட்காரும் கடைசி வரிசையில், ஓரத்தில். அதன்மேல் அவர் சால்வை, மடித்து.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலோர இருக்கைக்காரருக்கு வழி விடுவதுபோல், அந்த வரிசையின் முழங்கால்கள் எல்லாம், ஒரே சமயத்தில், மெல்ல ஒதுங்கின.