குத்தினால் கத்தக் கூடாது

2025 ஜூன் 18, புதன்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். கட்சிக்காரரை டாக்டர்கள் பரிசோதிக்கும் மெடிக்கல் போர்டு வியாழக்கிழமை. நான் போனில் புதன் என்று சொல்லியிருக்கிறேன். டைரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அப்படியும் தப்பு! கட்சிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே ஆபீசுக்கு வந்து நின்றார்.

அதனால்தான் அந்த அலறல்...

"ஆஆ...!"

திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் வக்கீல் ஆபீஸ். மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

உள்ளே, கொதிக்கும் டீ கிளாஸை எங்கள் கட்சிக்காரர் அருமைநாயகத்தின் முன்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் ஷிபா.

தோல் சிவந்தது.

ஆனால் அலறியது அவரல்ல.

நான்!

"நீ எதுக்குடி கத்தறே?" சீனியர் சேஷன் சார் எரிந்து விழுந்தார். "அவரே கம்முன்னு இருக்கார்!"

"சார்... சுடறது சார்..."

"சுடட்டும். நாளைக்கு போர்டுல டாக்டர் திடீர்னு குத்துவார், கிள்ளுவார். 'அய்யோ'ன்னு ஒரு வார்த்தை வந்துதோ, கேஸ் காலி! அதுக்குத்தான் ரிகர்சல். நீ ஒரு நாள் முன்னாடி வரச் சொன்னதும் நல்லதாத்தான் போச்சு."

சேஷன் சார் விபத்து வழக்குகளில் புலி. கால் போன வழக்கு, கை போன வழக்கெல்லாம் அவருக்கு அலுத்துவிட்டது. "கால் போனா அளவு சொல்லிடலாம் பப்பி. மனசு போனா யார் அளக்கறது?" என்பார் என்னிடம். இப்போது மனசு போன வழக்குகள் மட்டும்தான்.

அருமைநாயகம் பாறசாலையில் மிளகு, ஏலம் என்று மலஞ்சரக்கு வியாபாரம் செய்தவர். போன வருஷம் கல்லாறு வளைவில், ஓரமாக நிறுத்தியிருந்த அவருடைய காரை ஒரு டூரிஸ்ட் பஸ் இடித்தது. கார் ஆற்றுக்குள் உருண்டது. மனைவி ரத்னாபாய் செத்துப்போனாள். இவர் பிழைத்தார்.

அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மனுவை நான்தான் டைப் செய்தேன். 'விபத்தின் அதிர்ச்சியால் மனுதாரர் பேச்சிழந்து, சித்த சுவாதீனமற்ற நிலையில் இருப்பதால், அவர் சார்பாக மகள் ஷிபா...'

"எங்க அப்பா கத்த மாட்டாவ சார்." ஷிபா கிளாஸை எடுத்து மிச்ச டீயைக் குடித்தாள். "வேணும்னா இன்னும் ஒருக்கா குத்திப் பாருங்க."

"பப்பி, அந்த சேஃப்டி பின்னை எடு."

"நானா சார்?"

"பொண்ணுக்கு அப்பாவைக் குத்த மனசு வராதோல்லியோ?"

ஷிபா சிரித்தாள். "எனக்கு வரும் சார். ஆனா யாரோ ஒருத்தி குத்துனாத்தான் நெசமான டெஸ்ட், அல்லே?"

பின்னை எடுத்தேன். அவர் கை மேஜைமேல் அசையாமல் இருந்தது.

குத்தினேன்.

சின்னதாய் ஒரு சிவப்புப் பொட்டு.

அவர் என்னையே பார்த்தார். உதடு அசையவில்லை!

"சபாஷ்!" சேஷன் சார் மேஜையைத் தட்டினார். "இந்த மனுஷன் ஒரு தங்கம்!"

"அந்தச் சூட்டுக் காயம் சார்? டாக்டர் கேட்பாரே?"

"தானே சுட்டுண்டார்னு சொல்லு. ஊன பர்சன்ட் இன்னும் ஏறும். போ, பின்னாடி குழாயடிக்கு அழைச்சுண்டு போய்த் தண்ணி விடு. ஷிபா, நீ உள்ள வா, நாளைக்கு நீ எங்க அழணும்னு சொல்லித் தரேன்."

குழாயைத் திறந்தேன். ஓட்டின்மேல் மழை அடித்து நொறுக்கியது. அவர் கையைத் தண்ணீரில் பிடித்தேன்.

"மாமா... என்னை மன்னிச்சுடுங்கோ."

"மெதுவா, மக்களே."

யார்...?

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

"சத்தம் போடாத. குழாயை இன்னும் கொஞ்சம் தொற."

அருமைநாயகம்! கரகரத்த குரல். துரு ஏறிய கதவு திறப்பதுபோல...

"பேசறேளே! அப்போ... இத்தனை நாளும் நடிப்பா?"

"எட்டு மாசம் நெசமாவே சத்தம் வரல்ல. பெரிய வெள்ளிக்கிழமை சர்ச்சுல எல்லாரும் பாடிட்டு இருக்கும்போ, திடீர்னு எனக்கும் வந்துட்டு. வாயைப் பொத்திக்கிட்டேன். நல்ல வேளை, என் பக்கத்துல நின்னவருக்குச் செவி மந்தம்."

"எதுக்கு மாமா பொத்திண்டேள்?"

அவர் உள் அறைக் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

"நீங்க எழுதிக் கொடுத்த மனுவுல எல்லாம் நெசம்தான் மக்களே. அதிர்ச்சி, பயம், தூக்கம் இல்ல... எல்லாம் சரி. பஸ்ஸு ரத்னாவைக் கொன்னுதுன்னது மட்டும்தான் பொய்."

"பஸ் இடிக்கலையா?"

"இடிச்சது. கார் உருண்டுது. ஆனா ஆத்துல முட்டளவு தண்ணிதான். நான் பாறையில கெடந்தேன், அசைய முடியல்ல. ரத்னா தானா கதவைத் தொறந்து வெளிய வந்தா. ஷிபா மேல கடையில மாங்கா வாங்கிட்டு நின்னவ, முதல் ஆளா எறங்கி ஓடி வந்தா. 'மோளே, கையைப் பிடி'ன்னா ரத்னா."

கையைக் குழாயடியில் திருப்பிப் பிடித்தார்.

"பிடிச்சா. கையை இல்ல... தலைமுடியை."

"கடவுளே!"

"வீடு ரத்னா பேர்ல இருந்துது. விக்கதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னா. அவ்வளவுதான் காரணம். முட்டளவு தண்ணியில... முகத்தை அமுக்கிட்டே இருந்தா. நான் பாத்துட்டு இருந்தேன். அவ திரும்பினா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணை மறுபடியும் தொறந்தேன். வாய் தொறக்கல்ல."

"வாங்கோ! இப்பவே போலீஸுக்குப் போலாம்!"

"போயி? யாரு சொன்னான்னு எழுதுவான்? சித்த சுவாதீனம் இல்லாதவன் சொன்னான்னா? கோர்ட்டுல அப்படித்தானே கொடுத்திருக்கிய?"

கொடுத்திருக்கிறோம். டைப் செய்தது நான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்!

"நாளைக்கு மூணு டாக்டர்மாரு இருப்பாவ. இவனுக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு முதல்ல அவிய எழுதட்டும். அப்புறம் நான் ஒவ்வொண்ணா சொல்லுகேன். அதுக்குத்தான் சூட்டைப் பொறுத்தேன். குத்தையும் பொறுத்தேன்."

"ஆனா இன்னிக்கு ராத்திரி அவளோட..."

முதல் தடவையாகச் சிரித்தார். "என்னைத் தொட மாட்டா. நான் செத்தா கேஸும் செத்துரும்னு உங்க சாரு சொல்லியிருக்காரு. நேரத்துக்குச் சோறு, வெந்நீரு, தைலம்! பெத்த நாள்லேருந்து அவ என்னை இப்படிக் கவனிச்சதில்ல."

கதவு திறந்தது!

அவர் முகம் அணைந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. அதுவும் ரிகர்சல்தான்... அவருடைய சொந்த ரிகர்சல்.

"என்னக்கா, காயத்துக்கு இவ்வளவு நேரமா?" ஷிபா வாசலில் நின்றாள். கண்கள் என் முகத்தில் மேய்ந்தன. "அப்பா ஏதும் தொந்தரவு பண்ணினாவளா?"

"இ... இல்லை. பாவம், குழந்தை மாதிரி."

"பப்பி!" உள்ளிருந்து சார். "ஷிபாகிட்ட அந்தத் தூக்க மாத்திரையைக் கொடு. நாளைக்குக் காலைல ரெண்டு போட்டு அழைச்சுண்டு வரட்டும். குத்தறதென்ன, அறுத்தாலும் முழிக்க மாட்டார்!"

டிராயரைத் திறந்தவள் அப்படியே மூடினேன்.

மாத்திரை போட்டால் அவர் பேச மாட்டார். பேசாவிட்டால் பர்சன்ட் கிடைக்கும். பர்சன்ட் கிடைத்தால் பணம் வரும். பணம் வந்தபிறகு வெந்நீரும் தைலமும் எதற்கு? அந்த ஆளே எதற்கு?

"சார்... மாத்திரை வேண்டாம் சார்."

"ஏன்?"

"போர்டுல இப்போ ரத்தம் எடுக்கறாளாம் சார். மாத்திரை தெரிஞ்சுடும்."

பொய்! என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

சேஷன் சார் எழுந்து வந்தார். "யார் சொன்னா? எனக்குத் தெரியாம? கிழமையையே தப்பாச் சொன்னவ நீ!"

"கிழமை தப்பானதுனாலதான் சார் திரும்பவும் போன் பண்ணிக் கேட்டேன். அப்போ போர்டு ஆபீஸ்ல சொன்னா. போன வாரம் ஒருத்தருக்கு அதுல மாட்டிண்டு கேஸே தள்ளுபடியாம்."

சார் நெற்றியைச் சொறிந்தார்.

ஷிபா பையைத் தோளில் மாட்டினாள். "எதுக்கு சார் ரிஸ்க்? அப்பா சும்மாவே மரம் மாதிரித்தானே இருக்காவ. மாத்திரை வேண்டாம். கேட்டியளா?"

"சரி, வேண்டாம்," என்றார் சார். "பப்பி, முதல் தடவையா உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கே."

அவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். அப்பாவின் தலை நனையாமல் குடை பிடித்தாள் ஷிபா. பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியிருக்கும்.

சட்டக் கல்லூரி மாலை வகுப்பில் சாட்சியச் சட்டம். ஒரு வரிகூட எழுதவில்லை. சரியாகத்தான் செய்கிறேனா? சார் என்னை வேலையை விட்டுத் துரத்துவார். அது நிச்சயம். அருமைநாயகம் பேசாமல் போய்விட்டால்? அது நிச்சயமில்லை.

பின் பெஞ்சில் அகில் இருந்தான். இதே வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலின் ஜூனியர். எங்கள் எதிரி!

"அகில், நாளைக்கு போர்டுக்கு உங்க சார் வராரா?"

"எந்தா பப்பி? உன் கட்சிக்காரர் வேஷம் கலையப் போகுதா?" சிரித்தான்.

"ஆமா. பேசப் போறார்."

சிரிப்பு நின்றது. "தமாஷா?"

"வரும்போது ஒரு லேடி எஸ்.ஐ.யையும் கூட்டிண்டு வா. யூனிஃபார்ம் வேண்டாம். ஷிபாவுக்குப் பக்கத்து நாற்காலியில உக்காரணும். ரத்னாபாய் எப்படிச் செத்தான்னு பார்த்த சாட்சி எங்க கட்சிக்காரர்."

அகில் நோட்டை மூடினான். "உன் கேஸை நீயே தோற்கடிக்கிறியா?"

"கேஸைத்தான்."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கிழமையை மறுபடியும் பார்த்தாயிற்று. வியாழன்தான்.

நாளைய வேலை: காலையில் முதல் காரியமாக ஷிபாவுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்து அழைத்துவரச் சொல்ல வேண்டும். பாவம், மனுஷர் நிறையப் பேச வேண்டியிருக்கும்.