ட்ரம்போ வீட்டு முடிமாலை

1911 மார்ச் 9 அன்று, கென்டக்கி மாநிலத்தின் பெல்டன் கவுண்டியில், லூவிசா ட்ரம்போ என்ற பெண் முப்பத்தெட்டு வயதில் இறந்தாள். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘விழுங்க முடியாமை’ என்று எழுதியிருக்கிறது.

ரோவீனா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், தோல் அட்டைப் பதிவேடுகளிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. 1938, ஈடா ட்ரம்போ, விழுங்க முடியாமை. 1964, மேபல் ட்ரம்போ. அவளுக்கும் அதுவே. மேபல், ரோவீனாவுடைய அம்மாவின் அம்மா. மூவரில் ஒருத்தியும் நாற்பதைத் தொடவில்லை.

ரோவீனாவுக்கு இப்போது முப்பத்தெட்டு. மார்ச்சிலிருந்து ரொட்டி தொண்டையில் இறங்குவதில்லை. அவள் குடியிருக்கும் டேட்டன் நகரில் மூன்று டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். கடைசி டாக்டர்தான், அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா, தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாம் என்றார். அம்மா ஐலீன் முப்பத்தொரு வயதில் கார் விபத்தில் போனவள். இந்த ஊர்ப் பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை; அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் ரோவீனா இங்கே வந்திருந்தாள்.

“ட்ரம்போ ஆளா நீ?” என்றார் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்த குமாஸ்தா லாய்ட். “அந்த வீட்டுப் பொண்ணுங்க கட்டிக்கிட்டாலும் பேர மாத்திக்க மாட்டாங்க, புள்ளைங்களுக்கும் அதே பேர்தான். இப்ப வெர்டி கிழவி மட்டும்தான் மிச்சம். சாப்பிடச் சொன்னா வயிறு சரியில்லன்னு சொல்லிரும்மா. எங்கப்பா அந்த வீட்டுக் குழம்புல ஒரு முடியப் பாத்துட்டு, சாகறவரைக்கும் குழம்பே தொடல.”

அன்று, இறந்தவர்களை நினைக்கும் மே மாதக் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள். ஊரே கல்லறைகளில் புல் செதுக்கிப் பூ வைத்துக்கொண்டிருந்தது. வெர்டியும் முழங்காலில் மண்ணோடுதான் கதவைத் திறந்தாள். அம்மாவின் அண்ணன் மனைவி. எழுபதைத் தாண்டிய பருத்த உடம்பு.

“ஐலீன் மகளா! அதே செம்பட்டைத் தலை. இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உள்ள வா கண்ணு, எலும்பும் தோலுமா இருக்க.”

“சாப்பாடு இறங்க மாட்டேங்குது அத்தை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

“தெரியும்” என்றாள் வெர்டி, குழம்பைக் கிளறியபடியே.

அந்தச் சமையலறையில் பன்றிக் கொழுப்பு உருகும் மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. பல நாள் எண்ணெய் ஏறிக் கழுவாத தலையை, வெயிலில் வியர்க்க வியர்க்கக் குல்லாய்க்குள் மூடிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வெதுவெதுப்பான, இனிப்பேறிய வாடை. ரொட்டி போல மெத்தென்ற பிஸ்கட்டின் மேல் ஊற்றிய வெள்ளைக் குழம்பில் ஆடை படிந்திருந்தது. ரோவீனா ஒரு வாய் வைத்தாள். நாக்கில் மெல்லிசாக ஏதோ நெளிந்தது. குமட்டிக்கொண்டு வந்ததைக் கைக்குட்டையில் துப்பினாள். குழம்புதான். வேறொன்றும் இல்லை.

வாடை சுவரிலிருந்து வந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முடிமாலை. மேலே வாய் திறந்த குதிரை லாடம் போல, கம்பியில் சுற்றிய முடியாலான பூக்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இறந்தவர் நினைவாக இருப்பதுதான். ஆனால் இதன் கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுத்து வியர்த்திருந்தது.

“ஒவ்வொரு பூவும் ஒருத்தி. கடைசியாப் போனவங்க நடுவுல இருப்பாங்க” என்றாள் வெர்டி. “அடுத்தவங்க வந்தா ஒதுங்கி இடம் விடணும். மேபல் அம்பது வருஷத்துக்கு மேல நடுவுலயே இருந்தா, ஐலீன் கார்ல போனப்பக்கூட அசையல. போன மார்ச்சுல ஒரு நாள் பாத்தா, தானா ஓரத்துக்குப் போயிருக்கா. சரி, ஐலீன் ஒரு பொண்ணப் பெத்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்.”

நடுவில் வெறும் கம்பி.

“செத்தவங்க தலைல வெட்டினதா அத்தை?”

“தலைலயா? லூவிசா காய்ச்சல்ல மொட்டையால்ல கெடந்தா. இது வாயிலேர்ந்து வந்தது. நான் வாழ வந்தவ, எனக்கு இல்ல. இந்த ரத்தத்துக்குத்தான். மூச்சு நின்னப்புறம் தானா மேல வரும். அதுவரைக்கும் யாரும் இழுக்கக் கூடாது.”

ரோவீனா குளியலறைக்கு ஓடித் தாழிட்டாள். கண்ணாடி முன் வாயைப் பிளந்தாள். நாக்கின் அடிவேரில், எச்சிலில் ஒட்டி, செம்பட்டையாக ஒரு நுனி.

இழுத்தாள்.

வந்தது. வழுவழுவென்று. சூடாக. ஒரு முடி அல்ல, விரல் தடிமன். யாரோ உள்ளே உட்கார்ந்து பின்னியது போல இறுக்கமாகப் பின்னி. அதனோடு காலையில் குடித்த பால், திரிந்து. ஒரு முழம். இரண்டு முழம். வயிற்றுக்குக் கீழே ஏதோ சுண்டியது. விட்டாள். கைவிட்டும் நிற்கவில்லை. அதுவாக வந்தது.

வெளியிலிருந்து நெம்பியதில் தாழ் திறந்தது. வெர்டி தரையைப் பார்த்தாள்.

“இழுத்துட்டியா? உங்கம்மாவும் இப்படி அவசரப்பட்டுத்தான் ஊரை விட்டு ஓடினா. இனிமே நிறுத்த முடியாது.”

முக்காலியை இழுத்துப் போட்டு, மடியில் கம்பிச் சுருளோடு எதிரே உட்கார்ந்தாள். நனைந்த பின்னலை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து, கட்டைவிரலை எச்சில் தொட்டு, கம்பியில் சுற்றத் தொடங்கினாள். ரோவீனாவால் கத்த முடியவில்லை. வாய் நிறைந்திருந்தது.

“ஆடாத கண்ணு. இதழ் கோணலாயிரும்.”

நாலரை மணிக்கு ஏழாவது இதழ் முடிந்தது. முடி இன்னும் வந்துகொண்டிருந்தது.