காலடியில் கரைவது

காலையில்தானே துடைத்தேன், என்று நினைத்தாள் தூரிட். ஈரத்துணியால், மூலை வரைக்கும்.

சமையலறை ஜன்னல் விளிம்பில் மறுபடியும் வெள்ளைப் பொடி. கல்யாணமான வருடம், தூண்டில் கயிற்றில் சிக்கி மேலே வந்ததென்று கணவன் ஒட்வார் கொண்டுவந்து வைத்த பவளத்துக்குக் கீழே அது படிந்திருந்தது. வடக்கு நார்வேயின் இந்தத் தீவில் மீனவர் வீட்டு ஜன்னல்களில் இப்படி ஒரு கிளையாவது நிற்கும், கடல்மரம் என்பார்கள். வெயில் எட்டாத ஆழத்தில், உறையாத குறையாகக் குளிர்ந்த தண்ணீரில் வளர்வது. இத்தனை வருடம் கல்லாக நின்ற அதன் அடிப்பாகம் இப்போது ரொட்டித் துண்டு போலத் துளைத்துளையாக இருந்தது. தொட்டாள். கிளையொன்று சத்தமில்லாமல் சரிந்து பொடியாயிற்று. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

புளித்தது.

வெளியே பிற்பகலிலேயே இருட்டு. சூரியன் வராத மாதம். கடல் பாறையில் ஏறி இறங்கும் சத்தமும், அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தமும், யாருக்காகவோ பேசிக்கொண்டிருந்த ரேடியோவும்தான் வீட்டில் துணை. ஒரு குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போன ஒட்வாரின் உடல் கிடைக்கவே இல்லை. படகு மட்டும், பவளத்திட்டுக்கு மேலே, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஊரே அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. அந்தக் குளிர்காலத்தில் தன் தோள் வலிக்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் குடித்துவிட்டு வந்து வாசல்படியில் நின்று, "கொஞ்சம் தாங்கிக்கோ, தூரிட்" என்று முழுப் பாரத்தையும் அந்தத் தோளில்தான் அவன் போடுவான்.

கோடையில் ஆய்வுக் கப்பலில் வந்த ஒரு பெண் இதே மேசையில் காப்பி குடித்தபடி அந்தப் பவளத்தைத் திருப்பிப் பார்த்தாள். உலகத்துப் புகையெல்லாம் கடலில் கலந்து தண்ணீர் புளித்துக்கொண்டே வருகிறது என்றாள். "உயிருள்ள பவளம் செத்த பவளத்து மேலதாங்க நிக்குது. தண்ணி முதல்ல திங்கறது செத்ததைத்தான். மேல இருக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒருநாள் அப்படியே சாஞ்சிரும்."

"கீழ, மூழ்கிப்போன எங்க ஆளுங்களும் இருக்காங்களே," என்றாள் தூரிட். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தப் பெண் கோப்பைக்குள் பார்த்தாள்.

போன் அடித்தது. பியோர்க், ஒட்வாரின் தங்கை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வீடு.

"இன்னிக்காவது சாப்பிட வர்றியா, இல்ல அந்த ரேடியோவோடயே குடும்பம் நடத்தப் போறியா?"

"ரேடியோ மேல வந்து சாயாது."

"அடிப்பாவி!" பியோர்க் சிரித்தாள். "எங்கண்ணனைத்தானே சொல்ற? சரி, காட் மீன் வேகுது, ஈரலும் இருக்கு. எங்க வீட்டுக்காரரை வண்டியோட அனுப்பறேன். கோட்டை மாட்டிக்கிட்டு நில்லு. சாக்கு சொல்லாத."

வருகிறேன் என்று சொன்ன தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. கோட்டை மாட்டினாள். வெறுங்கையோடு போவதா என்று, நேற்று வாங்கிய முட்டைகளை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள்.

முட்டைகளுக்கு ஓடு இல்லை. மெல்லிய தோலுக்குள் மஞ்சள் கரு நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் அடியில் ஈரம். உப்பும் புளிப்பும் கலந்த வாடை, அடிக்கடலிலிருந்து நங்கூரம் தூக்கும்போது வருமே, அந்த வாடை.

கதவில் சத்தம்.

"வந்துட்டேன், ஹெல்கே," என்று பியோர்க்கின் கணவனுக்குக் குரல் கொடுத்தபடி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

வண்டிச் சத்தம் கேட்கவில்லையே.

மறுபடியும். நனைந்த மூட்டை மோதுவது போல. தட்டும் சத்தம் இல்லை. தட்டுவதற்கு விரல்முட்டி வேண்டும்.

கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். வாசல் விளக்கு. ஆரஞ்சு நிறத்தில் மீன்பிடி மழைச்சட்டை. ஒட்வாருடையது. அந்தச் சட்டைதான் உள்ளிருப்பதை நிற்க வைத்திருந்தது. முழங்கை இல்லாத இடங்களில் கை மடிந்தது. தொப்பிக்குள் முகம். ஒரு பக்கமாக வழிந்து, மெல்ல மறுபக்கம் வழிந்து.

"தூரிட்." பல்லில்லாத குரல். "நிக்க முடியல. கீழ எல்லாம் கரைஞ்சு போச்சு. கொஞ்சம் தாங்கிக்கோ."

அவள் தோள் தானாகவே தாழ்ந்தது. பழக்கம். அது தாழ்ந்ததை அவள் கவனித்தாள். நிமிர்ந்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்ல, ஒட்வார்." இன்னொரு கோப்பை காப்பி வேண்டாம் என்பது போலத்தான் சொன்னாள். "என்னால ஆகாது."

வெளியே சட்டை உட்கார்ந்தது. மடிப்பு மடிப்பாக.



பிறகு கதவுக்கு அடியில், பனிக்காற்றுகூட நுழையாத அந்த இடுக்கில், ஐந்து விரல்கள். நனைந்த கையுறை போலத் தட்டையாக. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் கை. நீளமாக. இன்னும் நீளமாக.

அவள் கணுக்காலைக் கண்டுபிடித்தது. அங்கே எலும்பு இருக்கிறதா என்று மெதுவாக, அன்பாக, அழுத்திப் பார்த்தது.

"தூரிட்..."

"ஆகாது," என்றாள்.