கைத்துணை முடித்த வாக்கியம்

நீதிமன்றத்தில் குரலுக்கு மதிப்பில்லை, படத்துக்கும் இல்லை, தட்டச்சுக்கு அறவே இல்லை. மூன்றையும் பொய்யாகச் செய்து தரும் இயந்திரம் மளிகைக் கடைவரை வந்துவிட்ட பிறகு, சட்டம் கடைசியாகப் போய்ப் பேனாவின் காலைப் பிடித்தது. ஒரே சங்கடம், அதற்குள் ஜனங்களுக்கு எழுதும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. அதற்காக வந்ததுதான் கைத்துணை. மெல்லிய கையுறை. போட்டுக்கொள்பவரின் எழுத்தைப் படித்து வைத்துக்கொண்டு, கோணும் விரலை நேராக்கும். விரல் அசந்துபோனால், வாக்கியத்தையும் தானே முடித்துவைக்கும்.

எது விரல், எது கையுறை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் திருநெல்வேலியில் ஒருவர்தான்: கையெழுத்து நிபுணர் அருமைநாயகம். விரல் இழுத்த கோட்டில் நடுக்கத்தைத் திருத்திய தடம் இருக்கும். கையுறை தானே இழுத்ததில் இருக்காது. இந்த வித்தையை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க 'இவ்வுயில் செல்லாது' என்று எழுதியே வீடு கட்டியவர். வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் 'செல்லாதுநாயகம்' என்பார்கள். பெயரை முதலில் வைத்தது அவருடைய மனைவி என்பது வக்கீல்களுக்குத் தெரியாது.

அன்று அவர் மேசையில் கிடந்தது சுடலைமுத்துவின் உயில். 'என் வீடு என் மருமகள் ஆவுடைக்கே சேரும்.' 'என் வீடு' வரை தடம் இருந்தது. அதற்குப் பிறகு எழுத்து கண்ணாடிபோல வழவழவென்று ஓடியது.

எதிரே ஆவுடை உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்த பிறகும் மாமனாரை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவள். அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை.

"எழுதையில நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

"கஞ்சி ஆத்த அடுக்களைக்குப் போனேன் ஐயா. வந்து பாக்கையில பேனா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மாமா எழுதுதாவ, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

பேனா நின்ற பிறகுதான் மூச்சு முன்பே நின்றிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கொழுந்தன் என்ன சொல்லுதான்?"

"பொணம் எழுதுன உயிலுங்கான். அது சரிதானய்யா?"

அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவள் போனபின் கிழவரின் கைத்துணையை எடுத்து அதன் நினைவைத் திறந்தார். ரேஷன் கடைக்கு மனுவா, இளைய மகன் மாடசாமிக்கு வசவா, எதுவானாலும் வீட்டுப் பேச்சு வந்த இடமெல்லாம் கிழவர் அதையேதான் எழுதியிருந்தார்: ஆவுடைக்கே. கையுறை புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பாதியில் போனவரின் பேச்சை அவருக்காகச் சொல்லி முடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அருமைநாயகம் தம் கைத்துணையை மாட்டிக்கொண்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தார். தடம் நின்ற இடத்தை மறைக்கவில்லை. விருப்பம் சுடலைமுத்துவுடையதே என்று காரணங்களோடு எழுதினார். 'ஆகவே இவ்வுயில்' என்பதுவரை வந்ததும், என்றைக்கும்போல வலதுகைப் பேனாவைத் தாளில் வைத்தபடியே இடதுகையால் டீயை எடுத்தார். தீர்ப்புச் சொல்லுக்கு முன் ஒரு மடக்கு. பழைய வழக்கம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், தாளில் 'செல்லாது' என்றிருந்தது. கீழே ஒப்பமும் இருந்தது.

வேறு தாள் எடுத்தார். அதே இடத்தில் கை மறுபடி முந்திக்கொண்டது. அதைக் கசக்கிப் போட்டார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுத் தாளில் வெறுங்கையால் முழுவதையும் எழுதி 'செல்லும்' என்று முடித்தார். எறும்பு மையில் விழுந்து கரையேறியது மாதிரி இருந்தது. கையுறை செய்ததைக் காட்ட, முதல் தாளையும் இதையும் விளக்கக் குறிப்போடு நீதிமன்றத்தில் கொடுத்தார்.

வாசலில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரமான ஒப்புக்காணி முதல் தாளை ஏற்றுக்கொண்டது. இரண்டாவதை 'அந்நியர் கை' என்று துப்பியது.

மாடசாமியின் வக்கீல் ஜெபமணி எழுந்தாள். "ஐயா, கைத்துணை இல்லாம எழுதினதைக் கையெழுத்தா எடுத்துக்கக் கூடாதுன்னு இந்தக் கோர்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"முதல் தாள்ல கடைசிச் சொல்லைக் கையுறைதான் எழுதிச்சுன்னு நிரூபிக்க வேற நிபுணர் இருக்காங்களா?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

"உங்க கேசுக்கு நீங்களே நிபுணரா?"

யாரோ சிரித்தார்கள். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. உயில் செல்லாது என்று தீர்ப்பானது.

வராந்தாவில் ஆவுடை அவரை மறித்தாள். கையில் வீட்டுச் சாவி.

"எங்க மாமா செத்த பொறவும் அவிய கை அவிய பேச்சக் கேட்டுச்சு. ஒங்க கை ஏன்ய்யா கேக்கல?"

"கேட்டுச்சும்மா," என்றார் மெதுவாக. "இத்தன வருசம் நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது."

அவள் சாவியை மாடசாமியிடம் கொடுக்கப் போனாள். குமாஸ்தா வந்து, தீர்ப்பு நகல் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் ஒப்பம் கேட்டார். கைத்துணை போட்டுத்தான் போட வேண்டும் என்றார். மாட்டிக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று அருமைநாயகம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒப்பம் விழுந்துவிட்டது.

அச்சு அசலாக அவருடையதாகவே இருந்தது.