கரடி நடந்த தடம்

"ஆளே இல்லாதப்ப இதுங்க என்ன பண்ணுது, அனிஷா?"

மிருக டாக்டர் நர்கீஸ் ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சிறுமலை அடிவாரத்து அந்தச் சின்ன மிருகக்காட்சிச் சாலையில் கூண்டு கழுவ வந்தவளிடம், வேலை ஏவாமல் ஒருவர் பேசியது அதுதான் முதல்முறை. எது நலமாயிருக்கிறது, எது வாடுகிறது என்று கவனித்துச் சொல்லச் சொன்னார். பார்க்கிறவர் பேசக் கூடாது. கண்ணைப் பார்க்காமல் தோளுக்குக் கீழே பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் சத்தமில்லாமல் போய்விட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

அவருக்கு ஒரு பதிலாவது சொல்லிவிட வேண்டும் என்று அனிஷாவுக்குத் தவிப்பு. பார்வையாளர் வராத விடுமுறை நாளில், கரடி செத்துக் காலியாகக் கிடந்த நடுக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து எல்லாக் கூண்டும் தெரியும்.

"கரடிக்குப் பதிலு நீயா புள்ள? டிக்கெட் போட்டுருவோம்," என்று தீவனம் வைக்கும் சடையாண்டி சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மலையேறும் பஸ்ஸின் ஹாரன் வளைவுக்கு வளைவு தேய்ந்து அடங்க, ஈரச் சிமெண்டிலிருந்து கரடியின் பழைய வீச்சம் மெல்லக் கிளம்ப, நரி கம்பியோரம் ஓயாமல் நடக்கும் நகச் சத்தமும், குரங்கு தன் மயிரைத் தானே பிடுங்கும் சத்தமும், ஆந்தை தொடாமல் விட்ட இறைச்சியில் ஈக்களின் ரீங்காரமும் மங்கும் வெளிச்சத்தில் அவளைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தன.

நகச் சத்தம் நின்றது.

குரங்கின் கையும் நின்றது. ஆந்தை மெதுவாகத் தலையைத் திருப்பியது. மூன்றும் இந்தப் பக்கம் பார்த்தன. அவள் கண்ணை அல்ல. தோளுக்குக் கீழே.

மறுபடியும் நகச் சத்தம். இந்தக் கூண்டுக்குள்.

அவள் நடந்துகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. கரடி நடந்து நடந்து சிமெண்டு வழவழப்பாகியிருந்த தடத்தில் பாதம் கச்சிதமாகப் பொருந்தியது. கதவு திறந்தேதான் கிடந்தது. தடம் கதவுக்கு ஒரு கை தூரத்தில் திரும்பியது. காலும் திரும்பியது. மறுபடி போனாள். மறுபடி திரும்பியது. விரல்களுக்கிடையே முடி. அவளுடைய முடி.

வெளியே செருப்புச் சத்தம். டாக்டர்.

அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

நர்கீஸ் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். அவர் பார்வை அவள் தோளுக்குக் கீழேயே இருந்தது. பிறகு திறந்து கிடந்த கதவை மெல்லச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.