கவர்னரின் வெள்ளைக் கையுறை

வருஷப் பிறப்பன்று கவர்னர் மாளிகையின் கதவு எல்லோருக்கும் திறக்கும். எங்கள் மாநிலத்துப் பழைய வழக்கம் அது. வங்கி முதலாளி முதல் கசாப்புக்காரர் வரை வரிசையில் வந்து, கவர்னரின் கையைக் குலுக்கி, ஒரு துண்டு கேக் தின்றுவிட்டுப் போவார்கள். வருகிறவரின் பெயரைக் கேட்டு அவர் காதில் ஓதுவது காரியதரிசியான என் வேலை.

கவர்னர் ஹைரம் ட்ரெஸ்காட்டுக்கு நான் ஓதத் தேவையே இல்லை. கால்வாய்ப் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டி வளர்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கேப்டன். பிறகு வக்கீல், சட்டசபை உறுப்பினர். கை குலுக்கியே நாற்காலியைப் பிடித்தவர். முகம் மறந்தாலும் கை மறக்காது என்று பெருமையடித்துக்கொள்வார்.

இரண்டாம் முறை ஓட்டுக் கேட்டபோது, பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு சிறைக்குப் போனார். அங்கே தூக்குக்குக் காத்திருந்த சுரங்கத் தொழிலாளி ஓவன் ப்ராஸரின் கையை, சுரங்கத்தில் இரண்டு விரல் போன கையை, கம்பி வழியாகக் குலுக்கினார். வேலைநிறுத்தக் கலவரத்தில் ஒரு காவலாளி செத்த பழி அவன்மேலும் அவன் தம்பி ஈவன்மேலும் விழுந்திருந்தது.

"வருஷப் பிறப்புக்கு என் வீட்டுக்கு வா, ஓவன்," என்றார்.

ஓட்டுக் கேட்கிறவர்கள் பார்க்கிறவர்களையெல்லாம் இப்படித்தான் அழைப்பார்கள். அது வெறும் வாய் உபசாரம். ஆனால் சாகப்போகிறவன் காதில் அது மன்னிப்பாகவே விழுந்தது. பாவி, சிறை முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டானாம்.

தேர்தல் முடிந்தது. அண்ணன் தம்பியை மன்னிக்காமலிருந்தால் செனட் பதவி என்று சுரங்க முதலாளிகள் ஆசை காட்டினார்கள். அதைக் கொடுக்கும் சட்டசபை அவர்கள் சட்டைப்பையில் இருந்தது. டிசம்பரில் ஓவன் தூக்கில் தொங்கினான். தம்பிக்கு ஜனவரி முதல் வெள்ளி என்று நாள் குறித்தார்கள்.

வருஷப் பிறப்பும் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"சின்னவனையாவது விட்டுடலாமே ஐயா," என்று, எழுதிவைத்திருந்த மன்னிப்பு உத்தரவை நீட்டினேன்.

"விட்டா என் செனட்டு போச்சு. நல்ல நாளும் அதுவுமா தூக்குக் கயித்தப் பத்திப் பேசாதய்யா, ஹாஸ்கின்," என்றபடி புது வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டார்.

மதியம் கதவு திறந்தது. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் கேக்கின் வாசனையும் கூடத்தை நிறைத்தன.

"போன வருஷத்த விட கேக்குத் துண்டு சின்னதாயிடுச்சே கவர்னரே," என்றார் கசாப்புக்காரரின் மனைவி.

"உங்க தெருவுல விழுந்த ஓட்டும் அப்படித்தானேம்மா குறைஞ்சுது," என்று சிரித்தார் கவர்னர்.

அப்போது வேறொரு வாடை வந்தது. ஈரக் கரியும், வெயிலே படாத மண்ணும் கலந்த வாடை. எல்லோர் தோளிலும் பனி அப்பியிருக்க, அடுத்து நின்றவனின் தோளில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. கழுத்தில் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தான்.

"பேரு?" என்றேன்.

"அவருக்குத் தெரியும்."

கவர்னர் வழக்கம்போல் அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தபடியே கையை நீட்டினார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"கூப்பிட்டீங்களே, வந்துட்டேன்," என்றான் அவன், மெதுவாக.

கவர்னர் கையை இழுத்தார். வரவில்லை.

"தம்பிய எப்போ கூப்பிடுவீங்க?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "அங்க என்னய்யா அவ்வளவு நேரம் கொஞ்சல்? கால் கடுக்குது."

கவர்னரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "ஹாஸ்கின்... அந்த மன்னிப்பு உத்தரவு... பேனா..."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து முடிந்த பிறகுதான் அவர் வலக்கை விடுபட்டுத் தொங்கியது. நான் நிமிர்ந்தபோது அந்த இடத்தில் கசாப்புக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

கையுறையை நான்தான் கழற்றினேன். வெளிப்புறம் பால் வெள்ளை.

உட்புறம் முழுக்கக் கரி.

ஈவன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தான். செனட் பதவி வேறொருவருக்குப் போனது. ட்ரெஸ்காட் அதன்பின் யாருக்கும் கை கொடுக்கவில்லை. அடுத்த கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்காக அழுதேன். ஈவனை நினைத்தால் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது வேறு கவர்னர், பர்டிக் என்று பெயர். அதே வழக்கம், அதே கூடம். இன்று வருஷப் பிறப்பு.

"ஐயா, தேர்தலப்போ சிறைக்குப் போனீங்களே. அப்புறம் தூக்குல போனவங்க யாரையாவது இன்னைக்கு வரச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரையுந்தான் சொன்னேன். வாய் வார்த்தைதானேய்யா, காசா பணமா?" என்று சிரித்துக்கொண்டே புதுப் பெட்டியைப் பிரித்துக் கையுறையை மாட்டினார். மாட்டியவர் முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, உள்ள ஈரமா இருக்கு?"

கழற்றினார். அவர் உள்ளங்கை கன்னங்கரேலென்று இருந்தது.

கதவை இன்னும் நாங்கள் திறக்கவே இல்லை.