பதின்மூன்றாம் வரி

செத்து நாலு வருஷம் ஆகியும் ரூபி இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளித்தாளில் உயிரோடு இருக்கும் பன்னிரண்டு பேரின் பெயர்கள் இருக்கும். யார் எத்தனை கூடை போட்டார்கள், யார் எத்தனை பாஸ் கொடுத்தார்கள், யார் பந்தைப் பறிகொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் வரும். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, பதின்மூன்றாம் வரியில் ரூபி.

எல்லாம் வேர்காணி செய்த வேலை. ஒருவர் உடம்பு செய்யும் அசைவு யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பழைய ஒளிப்பதிவுகளை அலசிச் சொல்லிவிடும் பொறி அது. முதலில் விளையாட்டுக்குத்தான் வந்தது. பிறகு அது மூக்கை நுழைக்காத இடம் இல்லை. இந்தச் சாம்பாரில் மாஸ்டருடைய மாமியார் பங்கு நாற்பது சதம் என்று ஹோட்டலில் பலகை வைத்தார்கள். மணப்பெண்ணின் சிரிப்பு அத்தையுடையதா சித்தியுடையதா என்று சோதித்துப் பார்த்துக் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூடைப்பந்தில் மட்டும் அது நியாயமாகப் பட்டது. விழுகிற புள்ளியில் அந்த வித்தை யாரிடமிருந்து வந்ததோ அவளுக்கும் ஒரு பங்கு. அவள் இறந்திருந்தாலும் பங்கு பங்குதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சர்வதேச ஆட்டத்தில் அந்தப் பங்கு சுழியமாகிவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எடுத்ததுதான், மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

ரூபியும் முகில்வாணியும் ஆறு வருஷம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நடந்த கார் விபத்தில் ரூபி போய்ச் சேர்ந்தபோது முகில்வாணிக்கு இருபத்து மூன்று வயது. அந்த வருஷம் பதின்மூன்றாம் வரியில் அவள் பங்கு 14.6 புள்ளி என்று வந்தது. ரூபியோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த எண் ஒன்பதானது, நாலானது, போன ஆட்டத்தில் 0.4. அணியில் ரூபியைத் தெரிந்தவள் என்று முகில்வாணி மட்டுமே மிஞ்சியிருந்தாள்.

ரூபியின் அம்மா தங்கபுஷ்பம் தூத்துக்குடியில் இருந்தாள். ரீபவுண்டுக்கும் ஃபவுலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓர் ஆட்டம் விடாமல் பார்ப்பாள், தாள் வந்ததும் கடைசி வரியை வாசிப்பாள், முகில்வாணிக்குப் போன் போடுவாள்.

"ஏ மக்கா, எம்பிள்ளைக்கு இன்னைக்கும் கொறஞ்சிருக்கே. ஒடம்புக்கு முடியலையோ?"

நாலு வருஷத்துக்கு முன் புதைத்த பெண்ணைப் பற்றி இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? "அடுத்த மேட்ச்ல சரியாயிடும்மா" என்பாள் முகில்வாணி.

அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். பந்தை வலக்கையால் இரண்டு தட்டு, அரை மூச்சு நிறுத்தம், பிறகு இடது மூலைக்குத் தாழ்வாக ஒரு பாஸ். இரண்டு வருஷத்துக்கு முன்பு, எந்த அசைவு யாருடையது என்று புள்ளித்தாள் விளக்கமாக வரத் தொடங்கிய நாளில்தான் அது ரூபியுடையது என்றே அவளுக்குத் தெரிந்தது. அதுவரை தன்னுடையது என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதன்பின் அந்தப் பாஸைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். தினமும் பயிற்சி முடிந்ததும் இரண்டு தட்டு, அரை மூச்சு, பாஸ் என்று நூறு தடவை செய்தாள். இருந்தும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. தான் மறந்துகொண்டு வருகிறோம் என்று பயந்து இருநூறாக்கினாள்.

அல்மாத்தியில் கசகஸ்தானோடு ஆட்டம். ஆசியக் கோப்பைக்குப் போக வேண்டுமானால் இதில் ஜெயிக்க வேண்டும். பதினொரு விநாடி மிச்சம், 71-க்கு 72 என்று இந்தியா ஒரு புள்ளி பின்னால். அரங்கத்துப் பலகையில் பதின்மூன்றாம் வரி முழு ஆட்டமும் 0.0 என்றே நின்றது. முகில்வாணி அந்தப் பாஸை மூன்று தடவை கொடுத்தும் எண் அசையவில்லை. அதிலிருந்து கூடை விழாததால்தான் என்று அவள் நினைத்தாள்.

பயிற்சியாளர் பிரெசில்லா டைம் அவுட் கேட்டார். "முகில், ரைட்ல காலியா கிடக்கு. யாருக்கும் குடுக்காத, நீயே போய் போட்டுடு. புரியுதா?"

"புரியுது மேம்."

புரியத்தான் செய்தது. பந்து கைக்கு வந்தபோது வலப்பக்கம் கல்யாண மண்டப வாசலைப் போலத் திறந்து கிடந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் போதும். அவள் இரண்டு தட்டு தட்டினாள். அரை மூச்சு நின்றாள். இடது மூலைக்குத் தாழ்வாக எறிந்தாள். கசகஸ்தான் பெண் ஒருத்தி அதற்காகவே காத்திருந்தவளாகக் குறுக்கே பாய்ந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மணி அடித்தது.

பிரெசில்லா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மற்ற பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். முகில்வாணி நேரே வேர்காணிக்காரர் நல்லசிவத்தின் மேசைக்குப் போனாள். தாள் வந்திருந்தது. அவள் பெயருக்கு நேரே பறிகொடுத்த பந்து நான்கு. கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை.

"சார், நான் செஞ்சேனே! அது ரூபியோட பாஸ். கூடை விழாட்டி என்ன, ஒரு துளியாவது போட்டிருக்கணும்ல?"

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றினார். "அது உடம்புல ஊறினதத்தாம்மா எண்ணும். யோசிச்சு செஞ்சா அது உங்க முடிவு. தோள் இறுகுறது, கண்ணு முன்னாடியே மூலைக்குப் போறது, எல்லாம் காட்டிக் குடுத்துடும். கசகஸ்தான் பொண்ணுக்கே தெரிஞ்சுபோச்சே."

"எப்போலேருந்து சார் இப்படி?"

அவர் திரையில் தேடிக் காட்டினார். அவள் வழியாக ரூபிக்குப் போன பங்கின் கோடு இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாளில் சறுக்கத் தொடங்கியிருந்தது. தேதியைக் குனிந்து பார்த்தாள். உடைமாற்றும் அறையில் அவள் அழுத நாள் அது.

"உங்களுக்கு மட்டும் இல்லம்மா," என்றார் அவர். "இந்த விளக்கத் தாள வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து எல்லா நாட்டுலயும் இப்படித்தான் இறங்குது. நாங்களும் இப்பத்தான் கவனிச்சோம்."

நூறு நூறாகக் காப்பாற்றியது அவளேதான், துடைத்தெறிந்ததும் அவளேதான். தெரியாமல் இருந்தவரை ரூபி இருந்தாள். முகில்வாணி வெளியே வந்தாள். அரங்கத்தின் பின்புறப் பெஞ்சில் போய் விழுந்தாள். அப்போது போன் அடித்தது.

"மக்கா, வரியைக் காணலையே," என்றாள் தங்கபுஷ்பம்.

"எடுத்துட்டாங்கம்மா. என்னாலதான்." நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். மேட்ச் தோற்றதையும் தன்னால்தான் என்றாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"போட்டும், வுடு," என்றாள் தங்கபுஷ்பம் கடைசியில். "அந்த மிசினு கூடை வுழுததத்தான பாக்கும்? நான் உன்னையத்தான பாத்துக்கிட்டிருந்தேன். நடுவுல ஒரு பிள்ள உன்னைய இடிச்சுத் தள்ளிச்சுல்லா? நீ எந்திரிச்சே பாரு, எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எம்பிள்ளையேதான். சின்னதுலருந்தே அவ கீழ வுழுந்து எந்திரிக்கையில ஒண்ணு செய்வா, இந்தக் கையை..."

"அம்மா!" கத்தியேவிட்டாள். "சொல்லாதீங்க! அது என்னன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா!"

தங்கபுஷ்பம் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு மெல்லப் புரிந்தது.

"சரி மக்கா. சொல்லல," என்றாள். "நான் மட்டும் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்த பிறகும் முகில்வாணி பெஞ்சிலேயே இருந்தாள். வாசலில் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. யாரோ அவள் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எழுந்திருக்க வேண்டும். கைகள் மடியில் கிடந்தன. அவை என்ன செய்யும் என்று பார்த்துவிடக் கூடாதே என்று கண்களை இறுக மூடிக்கொண்டு எழுந்தாள்.